பட்டில் பிடிவாதம், இறகில் தாராளம்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் வார்ஃப், நிட், யூர் போன்ற ஆறுகள் ஓடுகின்றன. பாறைகளுக்கிடையே வேகமாகச் சரியும் இந்த ஆறுகளில் டிரௌட் மீன் பிடிப்பவர்கள் தங்கள் தூண்டில் ஈக்களுக்குச் சூட்டியிருக்கும் பெயர்கள் புதிதாகப் படிப்பவரைச் சற்றுக் குழப்பும். ‘கௌதாரியும் ஆரஞ்சும்’ என்று ஒன்று. ‘உள்ளானும் ஊதாவும்’ என்று இன்னொன்று. நவீன ஓவியங்களின் தலைப்புகள் போல ஒலிக்கும் இவை உண்மையில் செய்முறைக் குறிப்புகள். முதற்சொல் இறகு எந்தப் பறவையுடையது என்று சொல்கிறது. இரண்டாம் சொல் பட்டு நூலின் நிறத்தைச் சொல்கிறது. ஒரு தூண்டில் முள், சில அங்குலப் பட்டு நூல், ஒரே ஒரு சிற்றிறகு, வேறெதுவும் வேண்டாம். பெயரைச் சொன்னால் பொருளையும் சொல்லி முடித்தாயிற்று.

இலக்கியம் பேசும் இடத்தில் மீன் தூண்டிலுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்தில் தொடர்ந்து வரும் ஒரு கைவினை அது என்பது ஒரு பதில். இன்னொரு பதில், நாம் இங்கே ஓயாமல் சண்டையிட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி அங்கே விரற்கடை அளவில், கையால் தொட்டுப் பார்க்கும் வடிவில் இருக்கிறது என்பது. மரபுக்கு விசுவாசமாக இருப்பது என்றால் என்ன? எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? மாற்றிய பின்னும் அது பழைய பெயருக்கு உரியதுதானா?

முதலில், பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். டிரௌட் மீனின் உணவில் பெரும்பங்கு ஆற்றடியில் வளரும் பூச்சிகளின் இளம்பருவங்களும், சிறகு முளைத்து மேலே வரும் வேளையில் அவையே எடுக்கும் உருவங்களும்தான். அந்தப் பூச்சியைத் தூண்டில் முள்ளில் குத்த முடியாது. அவ்வளவு சிறியது, அவ்வளவு மெல்லியது. எனவே முள்ளின் மீது நூலும் இறகும் சுற்றி அதன் சாயலை உண்டாக்குகிறார்கள். வடநாட்டு மரபில் இத்தகைய ஈக்களுக்கு ‘ஸ்பைடர்’ என்று பெயர். பட்டு நூல் உடல். அதன் தலைப்பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றிய மென்மையான இறகு கால்களும் சிறகுகளும். இது நீரின் மேல் மிதப்பதில்லை. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஓட்டத்தோடு நகர்கிறது.

இந்த ஈக்களைக் கட்டுவோரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, பழைய நூல்களில் சொன்ன அதே பறவையின் அதே இடத்து இறகும், அதே எண்ணுள்ள பட்டும் இல்லாவிட்டால் அந்த ஈ போலி என்கிறது. இன்னொரு கட்சி, மீன் புத்தகம் படிப்பதில்லை, நைலான் நூலும் சாயமேற்றிய எந்த இறகும் போதும் என்கிறது. இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். பட்டு விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும். இறகு விஷயத்தில் தாராளமாக இருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. அரிய இறகுக்காக அலைந்து திரிகிறவர், கையில் அகப்பட்ட செயற்கை நூலால் அதைக் கட்டிவிட்டு, மரபு காப்பாற்றப்பட்டதாக நிம்மதி கொள்கிறார்.

முதலில் பட்டு. பட்டுப்புழு விடும் இழையின் குறுக்குவெட்டு வட்டமானதல்ல, ஏறக்குறைய முக்கோணம். பட்டின் ஒளிர்வுக்கு அதுவே ஒரு காரணம். ஆனால் தூண்டில் ஈயைப் பொறுத்தவரை பட்டின் முக்கியமான குணம் அது உலர்ந்திருக்கும்போது தெரிவதில்லை. நனைந்தால் பட்டு கருக்கிறது. பாதி ஒளி ஊடுருவும் தன்மை பெறுகிறது. அடியிலிருக்கும் முள்ளின் இருண்ட நிறம் அதன் வழியே மேலேறி வருகிறது. கண்டில் இருக்கையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, ஒற்றை அடுக்காக முள்ளில் சுற்றி நீரில் நனைத்தவுடன் செம்மரப் பழுப்பாகிவிடும். ‘கௌதாரியும் ஆரஞ்சும்’ என்ற பெயரில் உள்ள ஆரஞ்சைக் கட்டுகிறவர் பார்க்கிறார். மீன் பார்ப்பது அந்தப் பழுப்பை. நைலானும் பாலியெஸ்டரும் இவ்வாறு மாறுவதில்லை; கடையில் இருந்த நிறமே ஏறக்குறைய ஆற்றிலும் இருக்கும். பெயரில் உள்ள நிறத்தை நைலானில் வாங்கிக் கட்டுகிறவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பவரைப் போன்றவர். அகராதிப்படி எல்லாம் சரியாக இருக்கும், வந்து சேர வேண்டியது வந்திருக்காது.

மீன் பார்க்கும் விதமும் இதற்குத் துணை நிற்கிறது. நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்புக்குள் ஒடுங்கித் தெரிகிறது. அந்த வட்டச் சாளரத்தில் வானத்தின் ஒளி பின்னணியாக நிற்க, அதன் குறுக்கே ஈ நகர்கிறது. மெல்லிய உடலுள்ள பூச்சியின் ஓரங்களில் ஒளி கசியும். ஒளியை அறவே தடுக்கும் ஓர் உடல் அங்கே கரும்புள்ளியாகத்தான் தெரியும்.

இதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்ட ஒருவரை நம் வாசகர்கள் வேறொரு வழியில் அறிந்திருக்கக்கூடும். ஜே. டபிள்யூ. டன் என்ற பெயர் போர்ஹெஸின் கட்டுரை ஒன்றின் தலைப்பில் உண்டு. கனவுகளில் எதிர்காலம் தெரிகிறது என்று வாதிட்ட ‘காலத்தோடு ஒரு சோதனை’ (1927) என்ற நூலை எழுதியவர் அவர். பிரிட்டனின் தொடக்ககால விமான வடிவமைப்பாளர்களில் ஒருவரும் அவரே. அந்த நூலுக்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1924இல், வெயில் நாளில் மிதக்கும் ஈயைக் கொண்டு மீன் பிடிப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் சொன்ன வழி இது: முள்ளின் தண்டுக்கு வெள்ளை வண்ணம் பூசி, அதன் மேல் செயற்கைப் பட்டைச் சுற்றி, எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் பட்டவுடன் இழை ஒளி ஊடுருவுவதாகிவிடும்; வெள்ளைத் தண்டு உள்ளிருந்து ஒளிரும்.

டன் பயன்படுத்தியது செயற்கைப் பட்டு என்பதால் அவர் என் கட்சிக்கு எதிர்ச்சாட்சி போலத் தோன்றலாம். உண்மையில் அவர்தான் என் முதற்சாட்சி. பொருளை அவர் மாற்றினார், ஆனால் அந்தப் பொருள் எதற்காக அங்கே இருக்கிறது என்ற காரணத்தை விடவில்லை. முள்ளின் இருள் ஊடே தெரிவதைத் தடுக்க முள்ளையே வெளுக்கும் அளவுக்கு அவர் காரணத்தைப் பின்தொடர்ந்தார். நீருக்குள் செல்லும் வடநாட்டு ஈக்களுக்கோ முள்ளின் அந்த இருளே வேண்டியிருக்கிறது. இயற்கைப் பட்டு இதைத் தன் இயல்பிலேயே செய்துவிடுகிறது. அதைக் கைவிட ஒரு காரணமும் இல்லை என்பதால்தான் பிடிவாதம் என்கிறேன்.

பட்டோடு மெழுகையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1854இல் டுவீட் ஆற்றங்கரையில் ஒரு பூச்சி மிகுதியாகப் பறப்பதைக் கவனித்த பாதிரியார் வில்லியம் கிரீன்வெல், அதைப் போல ஓர் ஈ கட்டித்தரும்படி ஸ்ப்ரௌஸ்டன் கிராமத்து ஜேம்ஸ் ரைட்டிடம் கேட்டார். கிரீன்வெல் டர்ஹம் பேராலயத்தைச் சேர்ந்தவர். பழம்புதைமேடுகளை அகழ்ந்து ஆராய்ந்த தொல்லியலாளர் என்றும் பெயர்பெற்றவர். ஆனால் அவர் பெயர் இன்று பெரும்பாலோர் வாயில் வழங்குவது ‘கிரீன்வெல்ஸ் குளோரி’ என்ற அந்த ஈயால்தான். அதன் உடல் மஞ்சள் பட்டு. செருப்புத் தைப்பவர்கள் நூலுக்கு இழுக்கும் கறுத்த மெழுகை அந்த மஞ்சள் பட்டில் தேய்த்துக் கட்டுவது பின்னர் வழக்கமாயிற்று. கீலும் குங்கிலியமும் கலந்த அந்த மெழுகு மஞ்சளை ஆலிவ் பச்சையாக மாற்றும். எத்தனை முறை இழுக்கிறோமோ அத்தனை ஆழம். வெளிர்நிறத் தேன்மெழுகில் இழுத்தால் மஞ்சள் ஏறக்குறைய மஞ்சளாகவே இருக்கும். ஒரே கண்டிலிருந்து இரண்டு வெவ்வேறு பூச்சிகளைக் கட்டலாம் என்பது இதன் பொருள். சாயப்பட்டறை இதைச் செய்யவில்லை. கட்டுகிறவரின் விரல் செய்கிறது. செயற்கை நூலில் மெழுகு மேலே ஒட்டுமே தவிர, இப்படி ஊறாது.

ஆகவே பட்டைத் தேர்வதற்கான விதி எளிது. கண்டைப் பார்த்து வாங்கவேண்டாம். எந்த முள்ளில் கட்டப்போகிறோமோ அதே முள்ளில் நெருக்கமாக ஓர் அடுக்குச் சுற்றி, எந்த மெழுகை இடப்போகிறோமோ அதையும் இட்டு, தண்ணீரில் முக்கி, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நூல் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். உடல் முள்ளின் கூர்முனைக்கு நேராகவே நின்றுவிட வேண்டும், வளைவுக்குள் இறங்கக்கூடாது. பழைய கண்டாக இருந்தால் ஒரு முழம் விட்டு மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். வெயில் பட்டு இற்றுப்போன பட்டு சத்தமில்லாமல் அறுந்துவிடும். 1795ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் குறித்துக்கொண்ட பியர்சால் நிறுவனத்தின் ‘காஸமர்’ பட்டுதான் இந்த மரபில் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. அதன் உற்பத்தி நின்றபின், 6ஏ என்ற எண்ணிட்ட ஆரஞ்சு நிறத்துப் பழைய கண்டுகளைத் தேடுவோர் பலர். எனக்கு அந்தத் தேடலில் பெரிய மரியாதை இல்லை. வேறு ஆலையின் மெல்லிய பட்டு நனைந்தபின் அதே பழுப்பைத் தருமானால், அதுவே 6ஏ.

இனி இறகு. இங்கேதான் என் கருத்து பலருக்குக் கசக்கும்.

ஸ்பைடர் ஈயின் இறகு செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. நீரோட்டத்தில் இழை இழையாக அசைய வேண்டும். ஈயின் அளவுக்கு ஏற்ற நீளம் இருக்க வேண்டும். பூச்சியின் கால், சிறகுகளின் நிறச்சாயலைத் தர வேண்டும். மிதக்கும் ஈக்குச் சேவலின் விறைத்த கழுத்திறகு தேவை. அதன் இழைகள் நீர்ப்பரப்பில் ஊன்றி நிற்க வேண்டும். நீருக்குள் செல்லும் ஈக்கோ பெட்டைக்கோழியினுடையதோ காட்டுப் பறவையினுடையதோ ஆன மென்மையான இறகு. தேர்ந்தெடுக்கும்போது நடுத்தண்டை வில்லாக வளைத்து இழைகளை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். இழையின் நீளம் முள்ளின் வளைவைச் சற்றே தாண்டினால் போதும். ஊதினால் அசைய வேண்டும். இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். அடர்த்தி மிகுந்தால் ஒரு பக்கத்து இழைகளை உரித்துவிடலாம். ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இல் வெளியிட்ட நூலில் மூன்றே மூன்று ஸ்பைடர்களைப் பரிந்துரைத்தார். அவற்றில் கறுப்பு ஸ்பைடர் என்பது பழுப்புப் பட்டும், ஸ்டார்லிங் என்ற மைனா இனப் பறவையின் மினுங்கும் கரிய சிற்றிறகும் மட்டுமே.

இந்தப் பறவைகளின் பட்டியலைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கௌதாரி, உள்ளான், தாழைக்கோழி, ஸ்டார்லிங். இவை வயலிலும் சதுப்பிலும் ஆற்றோரத்திலும் உலவிய பறவைகள். பல சமையலறைக்கு வந்தவை. ஆங்கிலத்தில் தூண்டில் பற்றி அச்சேறிய முதல் நூலான 1496ஆம் ஆண்டின் ‘டிரீட்டிஸ்’ பன்னிரண்டு ஈக்களைப் பட்டியலிடுகிறது. அதன் முதல் ஈயின் சிறகே கௌதாரியினுடையதுதான். அரிதான எதையும் தேடாமல், கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதைக் கூர்ந்து பார்த்துத் தேர்ந்தார்கள். நிறச்சொற்கள்கூட அந்த மண்ணின் சொற்கள். ‘வாட்டர்ஹென் புளோவா’ என்ற ஈயின் பெயரிலுள்ள ‘புளோவா’, மழைமேகத்தின் ஈய நிறத்தைக் குறிக்கும் வடநாட்டு வட்டார வழக்கு. 1885இல் டி. இ. பிரிட் ‘யார்க்‌ஷயர் டிரௌட் ஈக்கள்’ என்ற நூலில் இந்த ஈக்களை வண்ணப் படங்களோடு தொகுத்தபோது, வாய்வழியாகவும் கையேடுகளிலும் உலவிய ஒரு வட்டார மரபைத்தான் ஏட்டில் ஏற்றினார். 1916இல் எட்மண்ட்ஸும் லீயும் ஒரு படி மேலே போனார்கள். இறகுகளையும் பட்டுகளையும் வண்ணத்தில் அச்சிட்டார்கள். சிறப்புப் பதிப்பின் ஐம்பது பிரதிகளில் உண்மையான இறகையும் நூலையுமே வைத்தார்கள். நிறத்தைச் சொல்லால் சொல்லிவிட முடியாது என்பதை ஒப்புக்கொண்ட நூல் அது. நம் பதிப்பாசிரியர்கள் பொறாமைப்பட வேண்டிய செயல்.

ஆனால் எழுத்தில் ஏறியவுடன் ஒரு மரபுக்கு நேரும் விபத்து இதற்கும் நேர்ந்தது. கைக்கெட்டியது என்பதால் வந்த பறவை, புத்தகத்தில் இருப்பதால் கட்டாயமான பறவை ஆயிற்று. டாட்டரல் என்ற பறவையின் கதை இதற்குச் சான்று. உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த சிறு பறவை அது. மலைமுகடுகளில் கூடு கட்டும், ஆண்தான் அடைகாக்கும். மனிதரைக் கண்டு அஞ்சி ஓடாது. அந்த வெகுளித்தனத்தாலேயே அதன் பெயர் ஆங்கிலத்தில் ஏமாளி என்ற பொருளையும் ஏற்றது. அதன் சிறகில் வெளிறிய ஓரம் கொண்ட சிற்றிறகு, மஞ்சள் பட்டோடு சேர்ந்து புகழ்பெற்ற ஓர் ஈ ஆயிற்று. வேர்ட்ஸ்வொர்த் நடந்த ஏரி மாவட்டத்தின் ஸ்கிடா, ஹெல்வெலின் போன்ற மலைகளில் அது கூடுகட்டி வந்தது. இறைச்சிக்காகவும் இறகுக்காகவும் சுடப்பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே அரிதாகிவிட்டது. இன்று பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உயர்மட்டக் காப்பு அளிக்கிறது.

அந்த ஈ அதனால் அழிந்துவிட்டதா? இல்லை. பொன் உப்புக்கொத்தியின் சிறகிலோ, ஸ்டார்லிங்கின் சிறகடியிலோ உள்ள வெளிறிய இறகைக் கொண்டு கட்டினார்கள். வாட்டர்ஹென் புளோவாவின் மஞ்சள் பட்டின் மேல் புகைபோலப் படிய வேண்டிய மயிருக்குப் பழைய குறிப்புகள் நீரெலியைச் சொல்கின்றன. கென்னத் கிரஹாமின் ‘வில்லோ மரக் காற்று’ (1908) கதையில் படகு விடும் ராட்டி அந்த நீரெலிதான். பிரிட்டனில் அது பெருமளவு அழிந்து, இப்போது சட்டக் காப்பில் இருக்கிறது. அதன் இடத்தில் அகழெலியின் மயிரை வைத்தார்கள். மஞ்சள் ஊடே தெரியும் அளவுக்கு மெல்லியதாக ஒட்டினால் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். மாற்றுவது மரபுக்கு வெளியிலிருந்து வந்த சமரசமல்ல. மரபு மாற்றி மாற்றியே வந்திருக்கிறது.

இதற்கு நேரெதிர் வழியில் போனது சால்மன் ஈ. விக்டோரியா காலத்தில் டிரௌட் ஈ உள்ளூர்க் கௌதாரியோடு நின்றபோது, சால்மன் ஈ பேரரசின் கப்பல் வழிகளில் பயணம் செய்தது. ஜார்ஜ் கெல்சனின் 1895ஆம் ஆண்டு நூலில் உள்ள செய்முறைகளுக்கு உலகின் பல கண்டங்களிலிருந்தும் இறகுகள் வேண்டும். அந்தப் பட்டியல்களில் ‘இந்தியக் காகம்’ என்று வருவது இந்தியப் பறவையே அல்ல. தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் செம்மார்புப் பறவை ஒன்று. மெய்யாகவே நம் பக்கத்திலிருந்து போனது சாம்பல் காட்டுக்கோழி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தச் சேவலுக்குக் கழுத்திறகின் நுனியில் அரக்குத் துளி சொட்டியது போன்ற வெளிர்மஞ்சள் பொட்டு உண்டு. அந்தப் பொட்டு ஈயின் கண்ணாக வேண்டும் என்பதற்காக நம் காடுகளிலிருந்து கழுத்துத் தோல்கள் கப்பலேறின. இன்று இந்தியாவில் அந்தப் பறவைக்குச் சட்டக் காப்பு இருக்கிறது. மேலைநாடுகளில் நேர்மையான வணிகர்கள் விற்பது அங்கேயே பண்ணையில் வளர்த்த பறவைகளின் தோல்.

அசல் பொருள் மீதான பித்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009இல் இங்கிலாந்தின் டிரிங் நகரில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. லண்டனில் இசை பயின்றுகொண்டிருந்த ஓர் அமெரிக்க இளைஞர், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரத்துக்குள் இரவில் புகுந்து, 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு போனார். விக்டோரியா கால சால்மன் ஈக்களை அசல் இறகுகளால் கட்டும் கலையில் பேர்பெற்றவர் அவர். திருடப்பட்டவற்றில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்த பறவைகளும் இருந்தன. மீட்கப்பட்டவற்றில் பலவற்றின் காலில் கட்டியிருந்த சீட்டுகள் அறுக்கப்பட்டிருந்தன. எங்கே, எப்போது, யாரால் சேகரிக்கப்பட்டது என்ற விவரம் போனபின் அறிவியலுக்கு அந்தத் தோலால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை. அசலைத் தேடியவர் எது அசலாக இருந்ததோ அதை அறுத்து எறிந்தார். இதில் வேதனையான வேடிக்கை என்னவென்றால், இவ்வகை ஈக்களில் பெரும்பாலானவை ஆற்றைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிவைக்கப்படுகின்றன.

டிரௌட் ஈ கட்டுபவர்கள் இதைப் படித்துவிட்டு, நாங்கள் அப்படியல்ல, எங்களுக்கு ஒரு கௌதாரி போதும் என்று சொல்லக்கூடும். அந்தக் கௌதாரியின் நிலை இப்போது என்ன? ஐரோப்பியச் சாம்பல் கௌதாரி பிரிட்டனின் வயல்களில் கடந்த அரை நூற்றாண்டில் மிகக் கடுமையாகக் குறைந்து, அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. துப்பாக்கி அதற்கு முதற்காரணமல்ல. களைக்கொல்லியால் களை போயிற்று. களையோடு பூச்சி போயிற்று. முதல் வாரங்களில் பூச்சி தின்று வளர வேண்டிய குஞ்சுகள் பட்டினியால் செத்தன. ஸ்டார்லிங்கும் அதே பட்டியலில் இருக்கிறது. 1496இல் கைக்கெட்டிய பறவை இன்று அரிய பறவை. ‘கௌதாரியும் ஆரஞ்சும்’ என்ற பெயரைச் சொல்லிவிட்டு, எந்த வயலிலிருந்து வந்தது என்று கேட்காமல் ஒரு தோலை வாங்குகிறவர், முன்னோர் செய்ததையே செய்வதாக நினைக்கிறார். வெளித்தோற்றத்தில் அது அதே செயல்தான். ஆனால் அவர்கள் மிகுந்ததிலிருந்து எடுத்தார்கள், இவர் குறைந்ததிலிருந்து எடுக்கிறார்.

எனவே இறகைத் தேர்வதற்கு நான் சொல்லும் வரிசை இது. உணவுக்காக எப்படியும் கொல்லப்படும் பறவையின் இறகு முதலில். அதில் பெட்டைக்கோழி தலையாயது. பிரம்மா என்ற இனத்துப் பெட்டைக்கோழியின் புள்ளியிட்ட பழுப்பு இறகு கௌதாரிக்கு மிக நெருக்கமான மாற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷாங்காய் துறைமுகத்திலிருந்து அமெரிக்கா சென்ற கோழிகளிலிருந்து உருவான இனம் அது. அதன் பெயர் நம் பிரம்மபுத்திரா ஆற்றிலிருந்து வந்தது என்பது வணிகத்தின் விளையாட்டு. அடுத்தது, மிகுதியால் தொல்லையாகிவிட்ட பறவை. ஸ்டார்லிங் பிரிட்டனில் அருகிவரும்போது, 1890இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் விடப்பட்டவற்றின் வழிவந்த கூட்டங்கள் அமெரிக்காவில் பரவி, அங்கே சட்டக் காப்பு அற்ற பறவையாக இருக்கின்றன. மூன்றாவது, பருவத்தில் சட்டப்படி வேட்டையாடி உணவாக்கப்பட்ட உள்ளான், கௌதாரி ஆகியவற்றின் தோல், அதுவும் எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்ல முடிந்தால் மட்டும். அதற்கப்பால் எதுவும் வேண்டாம்.

இதற்கு எதிராக மூன்று கேள்விகள் எழும் என்று எதிர்பார்க்கிறேன். பட்டுக்காகப் புழு சாகவில்லையா என்பது ஒன்று. சாகிறது. அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. நம் திருமணங்களில் உடுத்தப்படும் ஒரு புடவைக்கு ஆகும் புழுக்கள் ஆயிரக்கணக்கான ஈக்களுக்குப் போதும் என்று சொல்வதும் ஆறுதலாகாது. ஆனால் மனிதர் வளர்க்கும் அந்த இனம் அருகிவிடும் ஆபத்தில் இல்லை. நான் இங்கே பேசுவது மறைந்துபோவதைப் பற்றி.

இரண்டாவது கேள்வி, மீனுக்குத் தெரியுமா என்பது. சில நாட்களில் தெரியாது. பசித்த மீன் நைலானையும் கடிக்கும். ஆனால் ஒரு கலையை அதன் மிக எளிய பார்வையாளனை வைத்து அளக்கக்கூடாது என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் கடினமானது. இறகை மாற்றிய பின் அதை ‘டாட்டரல்’ என்று அழைக்கலாமா? பழைய பெயரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாற்றியதைச் சொல்லிவிட வேண்டும். ‘டாட்டரல், பெட்டைக்கோழி இறகில்’ என்று ஒரு சீட்டு போதும். நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவது போன்றது அது. மூலத்தை மதிக்கிறேன், அதிலிருந்து எங்கே விலகினேன் என்பதையும் மறைக்கவில்லை என்று அந்தச் சீட்டு சொல்லும். டிரிங்கில் அறுக்கப்பட்டது அத்தகைய ஒரு சீட்டைத்தான் என்பதை நினைத்தால் இதன் அவசியம் புரியும்.

ஓர் ஈயில் மாற்றக்கூடாதது அது செய்யும் வேலை. பட்டு நனைந்து கருத்து உள்ளிருப்பதைக் காட்டுவது ஒரு வேலை. இறகு ஓட்டத்தில் அசைந்து உயிரின் சாயலைத் தருவது இன்னொரு வேலை. முதல் வேலையைப் பட்டைப் போல, இவ்வளவு மலிவாகவும் எளிதாகவும் செய்யும் வேறொன்று இல்லாததால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவது வேலையைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் இருக்கின்றன. எனவே டாட்டரலை அதன் மலையிலும், கௌதாரியை அதன் வயலிலும் விட்டுவிடலாம். மஞ்சள் பட்டையும் மெழுகையும் எடுத்துக்கொண்டு, சமையலறைக்கு வந்த கோழியின் கழுத்தில் தகுந்த இறகு இருக்கிறதா என்று பார்ப்போம். யார்க்‌ஷயர் கிராமத்தில் முதன்முதலில் ஈ கட்டியவரும் கைக்கெட்டியதைத்தான் எடுத்திருப்பார்.